கையை விடச் சொன்ன டாக்டரம்மா

தலை சுற்றுகிறவன் முதலில் தேடுவது சுவரை. சேலத்தில் அந்த டாக்டரம்மாவிடம் போனால் சுவர் கைக்கு எட்டாது. முன்பு நூல் குடோனாக இருந்த கட்டடம் அது. முன்பக்கத்தைத் தடுத்துக் காது, மூக்கு, தொண்டை பார்ப்பார். பின்பக்கம் பெரிய கூடம். அங்கே மேசை கிடையாது, பெஞ்சு கிடையாது, ஒரு தூண்கூடக் கிடையாது. தரையில் தென்னைநார்ப் பாய் விரித்திருக்கும். நோயாளியை நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்துவார். கூட வந்தவர்களைப் பார்த்து, "பிடிச்சிட்டு வந்தவங்க எல்லாம் போய் டீ குடிங்க" என்பார். பிறகு நம்மைப் பார்த்து, "கையை விடுங்க" என்பார்.

எங்கள் பக்கத்தில் உடம்புக்கு முடியாதவனை ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்பமாட்டோம். ஆளுக்கொரு கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போவோம். பாசம் எவ்வளவு என்பது பிடியிலேயே தெரிந்துவிடும். என்னை ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் என் மனைவியும் பிடித்திருந்தார்கள். எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து நாமக்கல், அங்கிருந்து சேலம். இரண்டு பஸ்ஸிலும் விடவில்லை. அம்மா பிடித்திருந்த இடம் கன்றிப்போயிருந்தது.

"உட்டா உழுந்துருவானுங்க" என்றார் அம்மா.

"விழட்டுமே. அதுக்குத்தான் பாய் விரிச்சிருக்கேன்."

அம்மா அந்த நிமிஷமே டாக்டரம்மாவை வெறுக்கத் தொடங்கிவிட்டார்.

டாக்டரம்மா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டால் வைத்தியம் ஆரம்பம் என்று அர்த்தம். நாங்கள் வீட்டை 'ஊடு' என்று சொல்லும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். குடையை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார். எங்கே போனாலும் நடந்தே போவார், இல்லாவிட்டால் குதிரை வண்டி. சைக்கிளோ ஸ்கூட்டரோ பக்கத்தில் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவார். "ரெண்டு சக்கரத்துல ஒரு சாமான் நிக்குதுங்கறதை நான் நம்பவே மாட்டேன்" என்பார்.

என் பிழைப்போ அந்த இரண்டு சக்கரத்தின் மேல்தான் நின்றது. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்தன. பண்ணை பண்ணையாகப் போய் முட்டை வாங்கி, அட்டைகளை சைக்கிள் கேரியரில் மார்பளவு உயரத்துக்கு அடுக்கிக் கட்டி, நாமக்கல் மண்டியில் கொண்டுபோய்ப் போடுவேன். மேடும் பள்ளமுமான மண்ரோடு. அதில் ஒரு கீறல் விழாமல் முட்டை கொண்டுபோகிறவன் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு, கொஞ்சம் திமிரும் உண்டு. எங்கள் வெள்ளாமைக் காட்டுக் கிணறு வற்றிப்போயிருந்தது. சைக்கிளை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

அப்படியிருக்க, ஒரு சளிக்காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தால் கூரை சுற்றுகிறது. கட்டிலைப் பிடித்தேன், கட்டிலும் சுற்றியது. குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி. சில நாளில் சுற்றல் குறைந்தது. ஆனால் எழுந்து நடந்தால் காலுக்குக் கீழே தரை நிற்கவில்லை. தலையைத் திருப்பினால் ஊர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்து சேர்ந்தது. பித்தம் தலைக்கேறிவிட்டது என்று இஞ்சிச்சாறு கொடுத்தார்கள், எலுமிச்சை தேய்த்தார்கள். அசையாமல் படுத்துக்கிட என்றார்கள், கிடந்தேன். சாராயக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத என்னை, "என்ன மாப்ள, காலங்காத்தாலயேவா?" என்று தோளில் கைபோட்டு விசாரித்தவர்களும் உண்டு.

இதெல்லாம் போதாதென்று மாரியம்மன் கோயில் திருவிழாவான நோம்பி வந்தது. அன்று நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னது என் மனைவிதான். நான் வெட்கப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

கோயில் முன்னால் பறை முழங்குகிறது, சாம்பிராணிப் புகை, நெருக்கும் கூட்டம். எனக்குக் கண் இழுத்துக்கொண்டது, உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. "சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பங்காளி வீட்டு அத்தை ஒருவர் ஓடிவந்து என் காலில் விழுந்தார். "சாமி, என்ற எருமை மூணு நாளாக் காணமுங்க, எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்டார். எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பம். அது தெற்கே இருந்தது. கையை நீட்டினேன். நீட்டிய கையோடு அத்தையின் தலையிலேயே வாந்தி எடுத்தேன். எருமை தெற்கே ஒரு சோளக்காட்டில் மேய்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு எங்கள் வாசலில் கூட்டம். தாலிச்சரடு தொலைத்தவர், மகனுக்கு வேலை கேட்டவர், போர் போட இடம் கேட்டவர் எல்லாம் வந்தார்கள். அம்மாவுக்கு உள்ளூரப் பெருமை. மகன் சைக்கிள் ஓட்டாவிட்டால் என்ன, வீட்டுக்குச் சாமியே வந்திருக்கிறதே. ஊரில் ஒருத்தர்தான் நம்பவில்லை.

"நானும் யோசிச்சுப் பாத்தனுங்கம்மா" என்றாள் என் மனைவி. "சாமியா இருந்தா ஏனுங்க வாந்தி எடுக்குது?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் முன்னறையில் இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டார். "முட்டைக்காரரே, என் குடை ஒண்ணு காணாமப் போச்சு. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

அன்றிலிருந்து நான் முட்டைக்காரர்.

சிரிப்பெல்லாம் முடிந்து சோதனை ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்கச் சொன்னார். நானும் சிப்பாய் போல மிதித்தேன். கண்ணைத் திறந்தால், அவர் நின்ற பக்கம் இல்லை, வாசல் பக்கம் பார்த்து நிற்கிறேன். எப்போது திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு தடிக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். "அய்யோ, மாட்டுக் கண்ணாட்ட இருக்குதுங்க" என்று மனைவி அலறினாள். கண் அசைவது பெரிதாகத் தெரிவதற்காம். என்னைச் சாய்வாகப் படுக்கவைத்து, வலது காதுக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினார். கூடமே கிறுகிறுவென்று சுற்றியது. கண்கள் தன்னால் துடித்தன. இடது காதிலும் அதே நீர். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் சில்லென்று இருந்ததோடு சரி.

"கெடாய் மேல மஞ்சத்தண்ணி ஊத்தற கணக்கா இருக்குதுங்கம்மா" என்றேன். எங்கள் ஊரில் வெட்டப்போகும் கெடாய் ஊற்றிய தண்ணீருக்குச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு.

"அதேதான். வலது காது உத்தரவு குடுத்துடுச்சு."

"இடதுதானுங்க நல்ல காது. சுத்தவே இல்ல."

"இல்லை முட்டைக்காரரே" என்றார், குரலைத் தாழ்த்தி. "தண்ணி ஊத்தினா சுத்தணும். சுத்தாத காதுதான் கெட்டுப்போன காது."

எனக்கு அந்தக் காது நன்றாகவே கேட்டது. கேட்பதற்கு ஒரு பகுதி, நிலையாக நிற்பதற்கு ஒரு பகுதி, இரண்டும் காதுக்குள்தான் இருக்கின்றன, காய்ச்சல் நிற்கிற பகுதியைத் தின்றுவிட்டது என்றார். திரும்ப வருமா என்று கேட்டேன். மழுப்பவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன் என்றார். நான் அங்கேயே குழந்தை போல அழுதுவிட்டேன். கண் முன்னால் என் சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்து நின்றது.

அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். "அடுப்புக்கு எத்தனை கல்லு?" என்று கேட்டார்.

"மூணுங்க."

"ஆள் நிக்கறதும் அப்படித்தான். காது ஒரு கல், கண்ணு ஒரு கல், காலு ஒரு கல். உங்களுக்கு ஒரு கல்லு பாதி இறங்கிப் போச்சு, பானை சாயுது. அந்தக் கல்லை என்னால தூக்கி வைக்க முடியாது. மத்ததை நகர்த்தி வைக்கலாம். ஒண்ணு போனா என்ன, மத்ததெல்லாம் இருக்குல்ல?"

நகர்த்தி வைக்கிற வேலை சாமானியம் இல்லை. நீட்டிய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்ட வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்து எழ வேண்டும். குனிந்து தரையில் கிடப்பதை எடுத்து நிமிர வேண்டும். பிற்பகலில் என்னைப் போன்ற சுத்தல்காரர்கள் நாலைந்து பேர் கூடுவோம். டாக்டரம்மா நடுவில் நிற்க, நாங்கள் அவரைச் சுற்றி நடப்போம். அவர் சிவப்பு ரப்பர் பந்து ஒன்றை யார் மேல் எறிவார் என்று தெரியாது. பிடித்துத் திருப்பி எறிய வேண்டும், நடையை நிறுத்தக் கூடாது. பார்க்கிறவர்களுக்குக் கும்மி மாதிரி இருக்கும். எங்களுக்குக் கண்ணில் பூச்சி பறக்கும்.

"சுத்துதுங்கம்மா!"

"சுத்துதா? ரொம்ப சந்தோஷம்! சுத்தினாத்தானே மூளைக்குப் பாடம். அசையாம படுத்திருந்தா அது எதைக் கத்துக்கும்?"

தலை சுற்றுகிறது என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளை நான் அங்கேதான் பார்த்தேன்.

இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, நடந்துகொண்டே சட்டென்று திரும்பச் சொன்னார். திரும்பினேன், அடியோடு சாய்ந்தேன். முழங்கை பாயைத் தாண்டித் தரையில் மோதியது. டீ குடிக்கப் போகாமல் கதவிடுக்கில் நின்றிருந்த அம்மா ஓடி வந்தார். டாக்டரம்மா கையை நீட்டினார், எனக்கு அல்ல, அம்மாவை மறிக்க. "எழுந்திரிங்க முட்டைக்காரரே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்திலேயே எழுந்து நின்றேன்.

"பார்த்தீங்களாம்மா? விழுந்தது அவர். எழுந்ததும் அவர்தான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

பஸ்ஸில் அம்மா வாயை மூடவில்லை. "கல்நெஞ்சுக்காரி. பெத்திருந்தாத் தெரியும். இனிமே அக்கட்ட எட்டிப் பாக்கப்படாது கண்ணு." நானும் ஆமாம் போட்டேன். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள் நாமக்கல் நெருங்கும்போதுதான் பேசினாள்.

"நீங்க நடக்கையில அவிய ரெண்டு கையும் உங்க முதுகுக்குப் பின்னால ஒரு சாண் தள்ளி வந்துட்டே இருக்குது. உங்களுக்குத் தெரியாதுங்க, நான் ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருக்கறன். இன்னிக்கு உழுகையில உங்க தலைக்குக் கீழ காலைக் குடுத்தாங்க. அந்தம்மா பாதம் நசுங்கியிருக்கும். நொண்டிட்டே போனதைப் பாக்கலியா?"

அடுத்த வாரம் டீ குடிக்கப் போகச் சொன்னதும் அம்மா உடனே போய்விட்டார்.

டாக்டரம்மாவுக்கு யாரிடமும் எதுவும் வாங்கப் பிடிக்காது. சீட்டுக்கு உண்டானதை வாங்கிக்கொள்வார், அதற்கு மேல் ஒரு வாழைப்பழம்கூடத் தொடமாட்டார். நான் ஒரு தடவை துணிப்பையில் முட்டை கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளையாக வந்து நின்றேன். அன்றைக்குப் பார்த்துப் பந்து ஜன்னல் வழியாகப் போய்ச் சாக்கடையில் விழுந்திருந்தது. டாக்டரம்மா உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்து வந்தார். மடியில் முட்டைகள்.

"பந்து இல்லை. இதுதான் பந்து" என்று ஒன்றை உயரத் தூக்கிப் போட்டார்.

போட்டது இளம்பிள்ளை ஊர்க்கார அக்காவுக்கு. பட்டுச்சேலை நெய்கிறவர். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது என்று சிகிச்சைக்கு வந்தவர். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுருண்டு விடுவார். முட்டை வந்ததும், "அய்யோ, சேலை!" என்று கத்திக்கொண்டு கண்ணை அகலத் திறந்து இரண்டு கையையும் நீட்டினார். விரலில் பட்டு நழுவியது. எல்லோரும் காலை இழுத்துக்கொண்டோம். முட்டை சிதறவில்லை. தொப்பென்று விழுந்து உருண்டது.

"அவிச்சதுங்களா?" என்றேன்.

"அது அவிச்சது" என்றார் டாக்டரம்மா. "மத்ததுல சிலது பச்சை. எது எதுன்னு எனக்கே தெரியாது."

அதற்குப் பிறகு அன்று ஒரு முட்டைகூடக் கீழே விழவில்லை. தலை சுற்றுகிறது என்று யாரும் சொல்லவும் இல்லை. சேலையைக் காப்பாற்றுகிற அவசரத்தில் எல்லோருக்கும் மறந்தே போயிற்று. கடைசியில் அவித்தவற்றையெல்லாம் உரித்து, உப்பும் மிளகும் தொட்டு, வட்டமாக உட்கார்ந்து தின்றோம். அடுத்த மாதம் இளம்பிள்ளை அக்கா தறியில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் என் மனைவி இன்னொரு டாக்டரம்மாவாகிவிட்டாள். வரப்பில் நடக்கவைத்தாள். தலையை ஆட்டாமல் சாப்பிட உட்கார்ந்தால் சோறு போடமாட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், பிறகு வெறும் சைக்கிள் ஓட்டினேன், பிறகு காலி அட்டை கட்டி ஓட்டினேன். வருஷம் ஒன்றாகப்போயும் முட்டை ஏற்றத் துணிச்சல் வரவில்லை. மண்டிக்காரர் வேறு ஆளைப் பிடிக்கப் போவதாகச் சொல்லியனுப்பினார்.

"முட்டை ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை இருக்கு" என்றார் டாக்டரம்மா. "உங்க ஊர் நோம்பி எப்போ? அதே இடம், அதே பறை, அதே புகை. கண்ணை மூடிட்டு நில்லுங்க. நானே வந்து பார்க்கிறேன்."

வந்தேவிட்டார். ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு மாட்டுவண்டி வைத்து அழைத்து வந்தோம். சாமி கும்பிட்டு, பெரிய பொட்டின் மேல் இன்னும் பெரியதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, என் பின்னால் வந்து நின்றார். பறை முழங்கியது. எருமைக்கார அத்தை தயாராக முன்னால் வந்து நின்றார், இந்த முறை கொஞ்சம் எட்டி. மகளுக்கு எந்தத் திசையில் மாப்பிள்ளை அமையும் என்பது கேள்வி.

கண்ணை மூடினேன். பறைச்சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. கால் கட்டைவிரல்கள் மண்ணைக் கவ்வின. ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது, தானே திரும்பி வந்ததும் தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இரண்டு கைகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அவை என்னைத் தொடவே இல்லை. தொட வேண்டிய தேவை வரவில்லை.

"என்னடா இது, அசையவே மாட்டேங்கறான்" என்றார் அத்தை. "சாமி போயிருச்சாட்டிருக்குது."

"போகலைங்கம்மா. இப்ப நேரா நிக்குது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப என்ற புள்ளைக்கு மாப்ளய யாரு சொல்லுவா?"

"வடக்கே பாருங்க. ஆத்தூர்ப் பக்கம் நல்ல பசங்க நிறைய இருக்காங்க."

மாப்பிள்ளை கடைசியில் தெற்கேதான் அமைந்தார். அது வேறு விஷயம்.

கெடாய் விருந்தை டாக்டரம்மா ருசித்துச் சாப்பிட்டார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரல் துண்டுகளாகப் பொறுக்கிப் போட்டார். கை கழுவி எழுந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வண்டிக்காரர் விருந்து தின்று வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அந்தப் பஸ்ஸை விட்டால் அன்றைக்குச் சேலம் போய்ச் சேர முடியாது. இருந்தது என் சைக்கிள் ஒன்றுதான்.

டாக்டரம்மா முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். "நடந்தே போயிடறேனே" என்றார்.

"பஸ் போயிருமுங்க. ஏறுங்கம்மா" என்றாள் மனைவி. அதோடு விட்டாளா? உள்ளே போய் ஓர் அட்டை நிறைய முட்டை கொண்டுவந்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினார் டாக்டரம்மா. "இது பீசு இல்லீங்க. ஒறம்பரை வந்துட்டு வெறுங்கையோட போனா எங்கூட்டுக்கு ஆகாதுங்க" என்றாள். அந்த 'எங்கூட்டுக்கு' என்ற சொல்லைக் கேட்டு உதட்டைக் கடித்தவர் வாங்கிக்கொண்டார்.

ஒருபக்கமாகக் கால் போட்டுக் கேரியரில் உட்கார்ந்தார். மடியில் முட்டை அட்டை. ஒரு கையால் அதைப் பிடித்து, மறுகையால் என் சீட்டின் கம்பியை இறுக்கிக்கொண்டார். வண்டி அவர் இழுத்த பக்கமெல்லாம் போனது. இதுவரை ஏற்றிய எந்தப் பாரமும் என்னை இப்படிப் பயமுறுத்தியதில்லை.

"அம்மா, கையை உடுங்க" என்றேன்.

"வாயை மூடிட்டு ஓட்டுங்க முட்டைக்காரரே!"

"நீங்க கம்பியப் புடிச்சு இழுத்தா வண்டி எப்படிங்க நேராப் போகும்? முட்டையும் சாயுதுங்க. ரெண்டு கையிலயும் அதைப் புடிங்க. கம்பிய உடுங்க."

பின்னால் டாக்டரம்மா ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தார். பிறகு கம்பியிலிருந்து கை போனது. அது எனக்கு ஹேண்டில்பாரில் தெரிந்தது. வண்டி லேசாகி, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. பள்ளத்தில் இறங்கி ஏறினோம். எதிரே வந்த ஆட்டுமந்தையைத் திரும்பிப் பார்த்தேன், தலை திரும்பியது, ஊரும் கூடவே திரும்பியது. பின்னால் டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் சைக்கிள் ஆடியது. நான் ஆடவில்லை. இரண்டு பேரும் ரோடு வரும்வரை சிரித்துக்கொண்டே போனோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் சைக்கிள் ஓட்டியதில்லை.

பஸ் நின்றுகொண்டிருந்தது. இறங்கியதும் அட்டையைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு முட்டை உடைந்து மஞ்சள்கரு அவர் சேலையில் வழிந்திருந்தது. என் முகம் தொங்கிப்போனது.

"ஒண்ணு போச்சுங்கம்மா" என்றேன்.

டாக்டரம்மா விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டார். "ஒண்ணு போனா என்ன முட்டைக்காரரே? மத்ததெல்லாம் இருக்குல்ல?"

பஸ்ஸில் உட்கார இடமில்லை. இரண்டு கையிலும் அட்டையை ஏந்தி, காலை அகற்றி வைத்து, கம்பியைப் பிடிக்காமல் கூட்டத்தின் நடுவில் நின்றார். பஸ் குலுங்கிக் கிளம்பியது. எல்லோரும் பின்னால் சாய்ந்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நேராக நின்றார்.

மறுநாள் காலையில் சைக்கிளில் முட்டை ஏற்றினேன்.